மேசையில் விட்டுச் செல்லவும்

தொம்மை மச்சாது புறா வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் கேட்டு வந்தார். இருபத்தோராம் நாள் அவருக்கு வேலை போயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவில், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே இழுப்பறையில் தேடிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் ஞானதிரவியம். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்களின் முகம் விழுவது எனக்குப் பழகிவிட்டது. துறைமுக ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில், நோக்குநூல் மேசையில், இருபத்தெட்டு ஆண்டுகள். நோக்குநூல் என்றால் வீட்டுக்கு எடுத்துப்போக விடாத தடித்த புத்தகங்கள்: அகராதிகள், சட்டக் கையேடுகள், மருத்துவக் களஞ்சியம், அந்த வகை. பட்டா மாற்ற எதைப் பார்க்க வேண்டும், சர்க்கரை நோய்க்கு எந்த இணையதளத்தை நம்பலாம் என்று யாராவது வந்து கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அப்படி ஒரு சீட்டை ஒருவர் தவறுதலாக மருந்துக் கடையில் நீட்ட, அவர்கள் என் கையெழுத்தைப் படித்து இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

இந்த வேலையில் எழுதாத விதிகள் இரண்டு. வாசகரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. அவர் எதைப் பார்த்தார் என்று வெளியே சொல்லக் கூடாது. எழுதிய விதி ஒன்று. அது சுவரில் தொங்குகிறது: ‘படித்த நூல்களை அலமாரியில் திருப்பி வைக்க வேண்டாம். மேசையில் விட்டுச் செல்லவும்.’ வாசகர் திருப்பி வைத்தால் சமையலுக்கும் சவ அடக்கத்துக்கும் நடுவில் எங்காவது செருகிவிடுவார் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மூடும் நேரத்தில் மேசைகளில் கிடக்கும் புத்தகங்களை எண்ணித்தான் அன்று எத்தனை நூல்கள் பார்க்கப்பட்டன என்று பதிவேட்டில் எழுதுவோம். மேசை காலியாகக் கிடந்தால் நூலகமே காலி என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாள்களில் நானே ஐந்தாறு புத்தகங்களை உருவி மேசை மேல் பரப்பியது உண்டு. ஒரு வருடம் எங்கள் ஊரில் தேனீ வளர்ப்பு பெரும் மோகமாக இருந்ததாகப் பழைய பதிவேடு சொல்லும். இங்கே தேனீ கிடையாது. உப்பளம்தான் உண்டு.

இதெல்லாம் வழித்துணை வருவதற்கு முன்.

வழித்துணை ஒரு பெட்டி. இட்லிக் குண்டான் அளவில் என் மேசையில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும். வாசகர் வாசலில் உள்ளங்கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்து தேவையைச் சொன்னால் அதுவே சீட்டை அச்சடித்துத் துப்பும். மூன்று புத்தகம், இரண்டு இணையதளம். அதை எடுத்து நீட்டுவது மட்டும் என் பொறுப்பு. அதற்கும் ஓர் இயந்திரக் கை வைக்கலாம் என்று மேலிடத்தில் யோசித்தார்களாம். கைக்கு அவ்வப்போது எண்ணெய் போட வேண்டும், எனக்கு அதுகூட வேண்டாம் என்பதால் விட்டுவிட்டார்களாம். மேசைகளையும் மாற்றினார்கள். புதிய மேசையில் ஒரு புத்தகம் பத்து நிமிடம் கிடந்தால் போதும், அன்று யாருடைய சீட்டில் அதன் பெயர் இருந்ததோ அவர் பார்த்ததாக மேசையே எழுதிக்கொள்ளும். எங்கள் உதவி நூலகர் ஜொஹரா, இனி சாருக்குத் தேனீ வளர்க்க வழியில்லை என்றார்.

சீட்டு கொடுத்த முப்பதாம் நாள் வாசகரின் போனுக்கு ஒரு கேள்வி போகும்: ‘சீட்டு பயன்பட்டதா?’ ஆம் அல்லது இல்லை. அந்த ‘ஆம்’களின் விழுக்காடுதான் கிளையின் மதிப்பு. முதல் ஆறு மாதம் எங்களுடையது முப்பத்தொன்று. மாவட்ட அலுவலர் கூட்டம்தோறும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு ஒரு நாள் வழித்துணைக்கு ஏதோ புதுப்பிப்பு வந்தது. அன்று முதல் சீட்டின் அடியில் ஆறாவதாக ஒரு வரி வரத் தொடங்கியது: ‘இதுவும் உதவக்கூடும்.’ நான்கே மாதத்தில் நாங்கள் தொண்ணூற்றாறு. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் அழாமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

தொம்மை மச்சாது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் சீட்டில் ஐந்து வரியும் புறா. ஆறாவது வரி, பணிநீக்கம் குறித்த தொழிலாளர் சட்டக் கையேடு. அவர் சிரித்தார். நான்தான் விடவில்லை. பார்த்து வைப்பதில் என்ன நட்டம் என்று நானே கையேட்டை எடுத்துவந்து அவர் முன் விரித்தேன். ஒரு மனிதர் நம் பரிந்துரையைப் படிப்பதைப் பார்க்கிற சுகம் எனக்குப் பெரிய பலவீனம். அரை மணி நேரம் படித்தார், மேசையில் விட்டுச் சென்றார்.

வேலை போன பிறகு ஒரு மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார், எனக்கு நன்றி சொல்ல.

“நீங்க மட்டும் அன்னைக்கு அதைக் காட்டலைன்னா நான் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி நின்னுருப்பேன் அண்ணாச்சி,” என்றார். “எப்படித்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதோ.”

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு மக்ரூனை வாங்கிக்கொண்டேன். அது வாயில் கரைந்தது. இப்போது நினைத்தால் தொண்டையில் நிற்கிறது.

அவரைப் போல இன்னும் பலர் வந்தார்கள். தையல் புத்தகம் கேட்ட பெண்ணுக்கு ஆறாவது வரி விவாகரத்துச் சட்டம். ஒரு மாதத்துக்குள் அவள் தனியாக இருந்தாள். வானியல் கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் காப்பீடு மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை. அதுவும் மறுக்கப்பட்டது. எல்லோரும் ‘ஆம்’ அழுத்தினார்கள். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஊரில் என்னைப் பார்த்துச் சிலர் சாலையின் எதிர்ப்பக்கம் மாறிப் போகத் தொடங்கியதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜொஹரா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் புள்ளியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். எதையும் இரண்டு தடவை எண்ணுவார். ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஒரு நோட்டை என் முன்னால் வைத்தார். நானூறு பேருடைய ஆறாவது வரிகள், பக்கத்தில் பின்னால் நடந்தவை.

இது ஜோசியம் பார்க்கிறதா என்று கேட்டேன்.

“ஜோசியம் இல்ல சார். புறா புஸ்தகம் படிச்சவன் ஆம் அழுத்த மறந்துருவான். வேலை போனவன் மறக்க மாட்டான். அதுக்கு வேண்டியது ஆம் மட்டும்தான். முதல்ல எல்லாருக்கும் எதையெதையோ நீட்டிப் பாத்துருக்கு. எதை நீட்டினா ஆம் வருதோ அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு.”

“சட்டப் புஸ்தகத்தைப் பாத்தா வேலை எப்படிம்மா போகும்?”

அவர் வழித்துணை வந்தபோது எங்களிடம் கையெழுத்து வாங்கிய உடன்படிக்கையை எடுத்துக் காட்டினார். நாற்பத்தொரு பக்கம். முப்பத்தெட்டாம் பக்கத்தில், வாசிப்பு விவரங்கள் இணைப்பு அமைப்புகளுக்குப் பகிரப்படும் என்று இருந்தது. கீழே பட்டியல்: ஆள் அனுப்பும் நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், குடும்ப நல ஆலோசனை மையங்கள், குழந்தை நலக் குழு. பணிநீக்கச் சட்டம் பார்க்கிற ஆள் பிரச்சினை பண்ணப் போகிறவன் என்று தொம்மையின் நிறுவனம் முந்திக்கொண்டது. அதாவது, அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததால்தான் அந்தப் புத்தகம் அவருக்குத் தேவைப்பட்டது.

கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. நூலகன் நான், படிக்காமல் போட்டிருக்கிறேன்.

“அப்போ இதுக்கு அவ்வளவு கெட்ட எண்ணமா,” என்றேன், பெட்டியைப் பார்த்து. அது ஒரு சின்னப் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

“எண்ணமே கிடையாது சார். அதான் பயமா இருக்கு.”

மாவட்ட அலுவலரிடம் போனோம். அவர் ஜொஹராவின் நோட்டைப் புரட்டினார், எங்கள் தொண்ணூற்றாறைப் பார்த்தார், பயன்படாத புத்தகமாகக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரும்பும் பேருந்தில் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம்: ஆறாவது வரியைக் கிழித்துவிட்டுச் சீட்டைக் கொடுப்பது. புத்தகம் மேசைக்கு வராவிட்டால் அது யார் கணக்கிலும் ஏறாது. மூன்று வாரம் அப்படியே செய்தோம். என் சட்டைப்பை கிழிந்த வரிகளால் உப்பியிருந்தது. ஊரின் கெட்ட காலம் முழுவதையும் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறவன் போல ஒரு கர்வம்கூட எனக்கு வந்தது. அந்தக் கர்வத்தோடு இருந்தபோதுதான் பெனிட்டா வந்தாள்.

பெனிட்டாவின் கணவன் விசைப்படகில் போய்த் திரும்பாமல் மூன்று வருடம். ஏழு வயதில் ஒரு மகள், நிலானி. மாமியார் வீட்டார் இரண்டு தெரு தள்ளி. வாரம் ஒரு முறை பிள்ளையைப் பார்த்து, மகனுடைய சாயல் என்று அழுதுவிட்டு, மீன் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. துறைமுக உணவகத்துக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. நூறு பேருக்குப் பிரியாணி என்றால் உப்பு, தண்ணீர், மசாலா அளவு எல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று கேட்டாள். நிலானி என் மேசையில் மோவாயை வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். என் மாமியார் என்று சொன்னேன், நம்பிவிட்டாள்.

சீட்டு வந்தது. பெரும் அளவுச் சமையல், உணவு உரிமம், சுகாதார விதிகள், இரண்டு இணையதளம். ஆறாவது வரி: ‘குழந்தைக் காப்பாளர் வழக்குகள், கையேடு.’

அதைக் கிழித்துப் பையில் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கையேடு, பச்சை அட்டை போட்ட பெரிய தொகுதி, உரிமக் கையேட்டுக்கு இரண்டு புத்தகம் தள்ளி இருப்பது என் நினைவுக்கு வந்தது. பெனிட்டா அந்த அலமாரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். தற்செயலாக அவள் கை அதில் பட்டுவிட்டால்? எழுந்து, அவளுக்குப் பின்னாலேயே போய், அவள் குனிந்து தேடும்போது பச்சைத் தொகுதியை மெல்ல உருவி எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மூலையில் ஒருவர் தான் படித்த அகராதியை அலமாரியில் திருப்பிச் செருகப் போனார். இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம் சும்மா விடுமா. ஓடிப்போய், சுவரில் எழுதியிருப்பது கண்ணில் படவில்லையா, மேசையில் விட்டுச் செல்லவும் என்று அவருக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பேசும்போது எனக்கு இரண்டு கையும் ஆட வேண்டும். அதனால் கையிலிருந்ததைப் பக்கத்து மேசையில் வைத்தேன். எடுத்த புத்தகத்தை மேசையில் வைப்பது என் கைக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம்.

மாலை ஐந்தரைக்கு மூடும்போது ஜொஹரா மூன்றாம் மேசை அருகே அப்படியே நின்றார்.

“சார், இதை யாரு எடுத்தா?”

அவர் திரையைப் பார்த்தார். வாசகர் பெனிட்டா, குழந்தைக் காப்பாளர் வழக்குகள், நூற்று நாற்பது நிமிடம். அழிக்க வழி தேடினோம். சேர்க்க, திருத்த, அச்சிட எல்லாவற்றுக்கும் பொத்தான் இருந்தது. ஒருவர் படித்ததைப் படிக்காததாக ஆக்குவதற்கு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரும் வில்லன் கிடையாது. குழந்தை நலக் குழு பெனிட்டாவின் பெயரைப் பார்த்தது. தகராறு இருக்கக்கூடிய வீடு என்று நினைத்தது. முறைப்படி மாமியார் வீட்டாருக்கு ஒரு கடிதம் போட்டது: பேத்தியின் காப்பாளர் பொறுப்பு குறித்து உங்களுக்குக் கோரிக்கை ஏதும் உண்டா? அதுவரை அவர்கள் அப்படி நினைத்ததே இல்லை. இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று அந்தக் கடிதம்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. உண்டு என்று எழுதினார்கள். விசாரணை முடியும்வரை குழந்தை அவர்களிடம் இருக்கட்டும் என்று குழு எழுதியது.

பத்தொன்பதாம் நாள் பெனிட்டா வந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாவ அண்ணாச்சி. அன்னைக்கு எனக்குப் பின்னால இருந்து ஒரு பச்சைப் புஸ்தகம் உருவுனீங்கள்லா. அதுல இதுக்கு ஏதும் இருக்குமா?”

உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்து அந்தக் கிழிந்த வரியை எடுத்து வைத்தேன். அது என்னிடம்தான் இருந்தது. அவள் அதை ரொம்ப நேரம் படித்தாள். நான்கு சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

“பிரியாணிக்குப் புஸ்தகம் கேட்டு வந்தவகிட்ட, உனக்கு இப்படி ஏதும் பிரச்சினை இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. இல்லன்னு சொல்லிருப்பேன். நீங்களும் சும்மா இருந்திருப்பிய.”

ஏன் என்று கேட்காமல் இருப்பதை நான் இருபத்தெட்டு ஆண்டு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

விசாரணைக்கு வந்திருந்த அறிக்கையை அவள் காட்டினாள். தாய் முன்கூட்டியே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காப்பாளர் சட்டத்தை ஆராய்ந்திருக்கிறார். குழந்தையை இழக்க நேரும் என்று அவரே எதிர்பார்த்திருப்பதாகத் தெரிகிறது. காரணம் விசாரிக்கப்பட வேண்டும். அவளுக்கு எதிராக அதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்தது நான் என்று யாராவது சொன்னால் அந்த வரி செத்துவிடும். யாராவது என்றால் நான்.

சிக்கல் என்னவென்றால், அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, இதற்கு முன்பும் இப்படி வைத்தது உண்டா என்பதாக இருக்கும். தேனீக்கள் எல்லாம் கூட்டைவிட்டு வெளியே வரும். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். சாட்சி சொல்லப் போகிறேன் என்று ஜொஹராவிடம் மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போகிற அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போங்கள் என்றார்.

விசாரணை நாள் காலையில், விடுப்பு எழுதி வைக்க நூலகத்துக்குள் நுழைந்தேன். வாசலில் உள்ளங்கையைக் காட்டினேன். நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டி ஒரு சீட்டைத் துப்பியது. ஐந்து வரியும் காலி. ஆறாவது வரி மட்டும்: ‘அரசு ஊழியர் பணி இடைநீக்கம், மேல்முறையீட்டுக் கையேடு. இதுவும் உதவக்கூடும்.’

தான் யாரிடமும் சொல்லவில்லை என்று ஜொஹரா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் சொல்லவில்லைதான். விசாரணைக் கூடத்துக்கு எந்தப் பேருந்து என்று முந்தின நாள் நூலகக் கணினியில் பார்த்தவன் நான்.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கூடத்தில் குழுத் தலைவி, புத்தகத்தை வைத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். எதற்காக என்றார். ஒளித்து வைப்பதற்காக என்றேன். ஒளித்து வைக்க நினைப்பவர் மேசை மேல் வைப்பாரா என்று கேட்டார். நூலகன் வைப்பான் அம்மா என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு எதிர்பார்த்த கேள்வி வந்தது, தேனீக்கள் வந்தன, யாரும் சிரிக்கவில்லை. நிலானி பாட்டியின் மடியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் அது தன் பிள்ளையின் பிள்ளைதானே.

அந்த வாரமே நிலானி வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமியார் இப்போது மீன் கொண்டுவருவதில்லை. அந்த இரண்டு தெருவை யாராலும் பழையபடி நடக்க முடியவில்லை. என் இடைநீக்க உத்தரவு பத்தாம் நாள் வந்தது. மேல்முறையீட்டுக் கையேட்டைப் பார்க்க நூலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. வாசகர் வரிசையில் நின்று. அருமையான புத்தகம். எல்லாம் அதில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் தொம்மை சொன்ன மாதிரி கண்ணைக் கட்டி விட்டது போல நின்றிருப்பேன்.

முப்பதாம் நாள், வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ‘சீட்டு பயன்பட்டதா?’

பயன்பட்டது. ஒவ்வொரு பக்கமும் பயன்பட்டது. இல்லாத தேனீக்கு இருக்கிறது என்று எழுதிய கை இது. இன்னும் ஒரே ஒரு பொய்தானே என்று ‘இல்லை’யை அழுத்தினேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு தொம்மை வீட்டுக்குப் போனேன். தையல்காரப் பெண் வீட்டுக்கு, வானியல் ஆசிரியர் வீட்டுக்கு. அவர்கள் கதையை நான் கேட்டேன், என் கதையைச் சொன்னேன். அடுத்த முறை யார் போனுக்குக் கேள்வி வந்தாலும் என்ன அழுத்த வேண்டும் என்று தெருத்தெருவாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். தொம்மை மாடியில் புறாக்கள் இருந்தன. புறாவுக்காக மட்டும் ஒருபோதும் ‘ஆம்’ அழுத்தியதில்லை என்றார்.

எங்கள் கிளை எழுபதுக்கு இறங்கிவிட்டது, ஆறாவது வரி சிலருக்கு வருவதே இல்லை என்று ஜொஹரா போனில் சொன்னார். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், என் பெயரில் பெட்டி ஒரு சீட்டைத் தானாக அச்சடித்து வைத்திருக்கிறது என்றார். படிக்கச் சொன்னேன்.

“அரசு அமைப்புக்குத் தவறான தகவல் அளித்தல், சட்ட விளக்கக் கையேடு. நாலாம் அலமாரி, மேல் தட்டு. இதுவும் உதவக்கூடும்.”

அந்தப் புத்தகம் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு ஆண்டுகளில் அதை யாரும் எடுத்ததில்லை. தேனீக் காலத்தில் நான்கூட அதைத் தொட்டதில்லை.

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார்,” என்றார் ஜொஹரா. “அதே புஸ்தகம்.” சற்று நிறுத்தி, “இங்க வரிசையில நிக்கிற எல்லார் சீட்டுலயும் இன்னைக்கு அதே வரிதான்.”

சுவரில் தொங்கும் அந்த அறிவிப்பை முதலில் கழற்றிவிடுங்கள் என்றேன். பிறகு அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டிவிட்டு, மறுபடியும் அலமாரியிலேயே, கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேன்.